யாருடைய அமைதி? லைபீரியப் பெண்களும் தேர்தலும்

'தேர்தல் அமைதியாக நடந்து முடிந்தது' என்ற வாக்கியத்தை நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். யாருடைய அமைதி, எதனால் வந்த அமைதி என்பதை அது சொல்வதில்லை. லைபீரியாவின் 1997 ஜூலைத் தேர்தலை எடுத்துக்கொள்வோம். 1989 இறுதியில் போரைத் தொடங்கிவைத்த ஆயுதக் குழுத் தலைவர் சார்லஸ் டெய்லர் ஏறத்தாழ 75 சதவீத வாக்குகள் பெற்றார். வாக்குப்பதிவில் பெரிய கலவரம் இல்லை. 'தோத்தா மறுபடி துப்பாக்கியைத் தூக்குவான், ஜெயிச்சுத் தொலையட்டும்' - பலருடைய கணக்கு இதுதான். அச்சத்தின் மௌனம் அமைதி என்று பதிவாயிற்று. 1999இல் மீண்டும் போர்.

இந்த மௌனத்தை உடைத்தவர்கள் பெண்கள். 2003 ஏப்ரலில் மன்ரோவியா மீன்சந்தையருகே கிறித்துவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளையுடையில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். லேமா போவி அவர்களில் முன்னணியில் இருந்தவர். ஜூலையில் கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, மண்டப வாசலை மறித்து உள்ளே இருந்த ஆண்களை வெளியே விடாமல் தடுத்தார்கள். கைதுசெய்ய வந்தவர்களுக்கு முன் போவி தன் உடையைக் களையத் தொடங்கினார். தாயின் நிர்வாணம் பெரும் சாபம் என்பது அங்குள்ள நம்பிக்கை. பெண்ணுடலை மானத்தின் இருப்பிடமாக்கிய மரபை அந்த மரபின் காவலர்களுக்கு எதிராகவே திருப்பிய கணம் அது. ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்குப் பின் நடந்ததை. யாரும் படம்பிடிக்காத வேலையை. 2005இல் வாக்காளர் பதிவு தொடங்கியது. சந்தையில் விற்கிற பெண்ணுக்கு வரிசையில் நிற்பது ஒரு நாள் பிழைப்பை இழப்பது. 'நீ போயிட்டு வா, கடையை நாங்க பாத்துக்கறோம், பிள்ளையை நாங்க வச்சுக்கறோம்' என்று இயக்கப் பெண்கள் முன்வந்தார்கள். பதிவானவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். குடியுரிமை என்கிற பெரிய சொல் இப்படித்தான் ஒரு குழந்தையை இன்னொருத்தி இடுப்பில் மாற்றி வைப்பதில் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 8 இரண்டாம் சுற்றில் எலன் ஜான்சன் சர்லீஃப் 59 சதவீத வாக்குகளோடு வென்றார். ஆப்பிரிக்காவில் தேர்தல் வழியே நாட்டின் அதிபரான முதல் பெண் அவர்.

2011 தேர்தலில் பெண்கள் ஒரு கண்காணிப்பு அறையே நடத்தினார்கள். எங்கே பதற்றம் என்று தொலைபேசியில் சேதி வரும். மூத்த பெண்கள் கட்சித் தலைவர்களிடமும் போலீசிடமும் பேசித் தணிப்பார்கள். 2012இல் செனகல் இதே முறையைக் கைக்கொண்டது. அதன் எல்லையும் அதே தேர்தலில் தெரிந்துவிட்டது. இரண்டாம் சுற்றுக்கு முந்தின நாள், நவம்பர் 7இல், எதிர்க்கட்சி ஆர்ப்பாட்டத்தின் மீது போலீஸ் சுட்டது, உயிர் போனது. எதிர்க்கட்சி புறக்கணித்த அந்தச் சுற்றில் 40 சதவீதம் பேர்கூட வாக்களிக்கவில்லை. அதிபர் பெண்தான், துப்பாக்கி அரசினுடையது. மறு ஆண்டே போவி அவருடைய ஆட்சியை வெளிப்படையாக விமர்சித்து நல்லிணக்கப் பொறுப்பிலிருந்து விலகினார்.

பெண்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள், ஆகவே சமாதானம் அவர்களுக்குரிய வேலை என்ற சொல்லாடலை இதனால்தான் மறுக்கிறேன். வீட்டில் சண்டை விலக்குபவளைத் தேர்தலிலும் சண்டை விலக்க அழைக்கிறார்கள், கூலியில்லை, இடமுமில்லை. 2005இலும் சரி 2011இலும் சரி, லைபீரியக் கீழவையில் பெண்கள் எட்டில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. தேர்தல் அமைதியைப் பற்றி நாம் எழுதும்போது, வாக்குச்சாவடியில் ரத்தம் சிந்தாததை மட்டும் கணக்கில் எடுத்தால் 1997உம் 2005உம் ஒன்றாகிவிடும். அச்சமில்லாமல் வரிசையில் நிற்க முடிந்ததா, அந்த வரிசைக்காக யார் உழைத்தார்கள், உழைத்தவர்களுக்கு அவையில் எத்தனை நாற்காலி என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.