உலையருகே பதின்மூன்றாம் பிரிவு

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 13ஆம் பிரிவு ஒரு பக்கத்தைத் தாண்டாது. தலைப்பு: காற்றோட்டமும் வெப்பநிலையும். பவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றுகிற ஆளுக்குச் சட்டம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று கேட்டால், நெடுங்காலம் இதைத்தான் காட்ட வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும் அந்தச் சட்டம் போய்விட்டது. போனதை எதற்கு வாசிக்க வேண்டும்? வந்திருப்பதன் குறை நிறை தெரிய வேண்டுமென்றால், போனது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தின் வாசகங்களை எளிய தமிழில் என் போக்கில் தருகிறேன்.

“ஒவ்வொரு தொழிற்சாலையிலும், ஒவ்வொரு பணியறையிலும், தொழிலாளருக்கு நியாயமான சௌகரியம் தருவதும் உடல்நலக் கேட்டைத் தடுப்பதுமான வெப்பநிலை இருக்க வேண்டும்.”

உலைக்குப் பக்கத்தில் என்னய்யா சௌகரியம் என்று முதலாளிகள் சிரிப்பார்கள். வார்ப்பிரும்பை ஊற்றுவதே ஏறக்குறைய 1,350 டிகிரி செல்சியஸில். ஆனால் சட்டம் இரும்பின் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆள் நிற்கும் இடத்தின் சூட்டைத்தான் கேட்கிறது. ‘ஒவ்வொரு பணியறையிலும்’ என்பதால், ஷெட்டின் வாசலில் காற்று நன்றாக வருகிறது என்று காட்டித் தப்பிக்கவும் முடியாது. சூடான காற்று மேலே போகும். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். என் வாசிப்பில் அந்தக் கேபினும் பணியறைதான்.

உடல்நலக் கேடு எது என்பதில் குழப்பமே இல்லை. வியர்வையோடு உப்பும் போனால் தசை பிடித்துக்கொள்ளும். அடுத்து தலைசுற்றல், வாந்தி, களைப்பு. உடலின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் அது வெப்பவாதம். அப்போது ஆளை உடனே குளிர்ந்த தண்ணீராலும் ஐஸாலும் குளிர வைக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

“சுவரும் கூரையும் வெப்பத்தை இயன்றவரை குறைவாக வைக்கும் பொருளால் அமைய வேண்டும்.”

தகர ஷீட்டுக் கூரையின் கீழ் மே மாத நண்பகலில் ஒருமுறை நின்றவருக்கு இதற்கு உரை வேண்டாம்.

“மிகு வெப்பம் உண்டாகும் தொழிலானால், அந்த வேலையைப் பணியறையிலிருந்து பிரித்தோ, சூடான பாகங்களுக்குக் காப்பிட்டோ, பயன்தரும் வேறு வழிகளிலோ, நடைமுறையில் இயன்ற போதிய ஏற்பாடுகளால் தொழிலாளரைக் காக்க வேண்டும்.”

பிரிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பிரிப்பது, பிறகு காப்பிடுவது, கடைசியில் மற்றவை. நம் பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. கேட்டால் பெரிய மின்விசிறியைக் காட்டுவார்கள். மோர் கொடுக்கிறோம், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம் என்பார்கள். மோர் நல்லதுதான். ஆனால் உருகிய இரும்பிலிருந்து வரும் வெப்பத்தில் பெரும் பங்கு கதிர்வீச்சு. விசிறி அதைத் தள்ளாது. இடையில் ஒரு தடுப்பு இருந்தால்தான் நிற்கும். காற்றின் சூடு தோலின் சூட்டைவிட அதிகமாகிவிட்டால், விசிறி வியர்வையை உலர்த்தும் அதே நேரத்தில் சூட்டையும் உடம்பின் மேல் கொட்டும்.

உலைக்கு மூடி போடுவது, ஊற்றும் லேடிலுக்கு மூடி வைப்பது, பளபளப்பான அலுமினியத் தகட்டில் தடுப்பு நிறுத்துவது, சூட்டோடு இருக்கும் மோல்டுகளை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் ஆறவிடுவது எல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. இண்டக்‌ஷன் உலையை மூடி வைத்தால் கரண்ட் பில்லும் குறைகிறது. அப்படியிருந்தும் ‘நடைமுறையில் இயன்ற’ என்ற சொற்றொடருக்குள் பல பேர் ஒளிந்துகொள்கிறார்கள்.

எது இயலும் என்பது யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து மாறுவதும் உண்டு. 2007இல் நியூயார்க் நகரின் மேன்ஹோல் மூடிகளை மேற்கு வங்கத்தின் ஹவுராப் பக்கத்துப் பவுண்டரியில் வெறுங்காலோடு வார்க்கும் தொழிலாளரின் படங்கள் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தன. மூடிகளை வாங்கிய கான் எடிசன் என்ற மின் நிறுவனம், ஒப்பந்தங்களில் பாதுகாப்பு நிபந்தனை சேர்ப்பதாகச் சொன்னது. சட்டம் அதற்கு ஐம்பத்தொன்பது வருடம் முன்பே எழுதப்பட்டிருந்தது.

“மாநில அரசு அளவுகோல் வகுக்கலாம், அளவிடும் கருவிகளையும் பதிவேட்டையும் வைக்கும்படி உத்தரவிடலாம்.”

மத்திய அரசின் மாதிரி விதிகள் இந்தத் துணைப்பிரிவுக்கு உடல் கொடுத்தன. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. காற்று நிமிடத்துக்கு 30 மீட்டராவது நகர வேண்டும். உலர்குமிழ், அதாவது துணி சுற்றாத வெப்பமானி, 40 முதல் 44 வரை காட்டினால் ஈரக்குமிழின் வரம்பு 28க்கு இறங்குகிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு ஏன் இத்தனை மரியாதை? வியர்வை ஆவியாகுமா ஆகாதா என்பதை அதுதான் சொல்லும். கைபேசி காட்டும் கோயம்புத்தூரின் 37 டிகிரியை வைத்து, அதே ஊரின் கணபதிப் பகுதியில் ஒரு பவுண்டரிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது.

கதிர்வீச்சுக்கும் விதியில் வழி உண்டு. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்புக் கோளத்துக்குள் வெப்பமானியைச் செருகி 20 நிமிடம் வைக்க வேண்டும். அது உலர்குமிழைவிட அதிகம் காட்டினால் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு விலக்கு: ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் கடும் சூட்டில் நின்று, பிறகு வரம்புக்குட்பட்ட இடத்தில் போதிய நேரம் இளைப்பாறினால் இந்த எண்கள் பொருந்தா. பவுண்டரி இந்த விலக்கைக் கோரலாம். ஆனால் கோரினால் குளிர்ச்சியான ஓய்விடத்தையும் காட்ட வேண்டும். சட்டத்தின் பொது இடைவேளையோ ஐந்து மணி நேரத்துக்கு அரை மணி; அது சோற்றுக்குக் கொடுத்த நேரம், சூட்டுக்குக் கொடுத்தது அன்று.

“வெப்பத்தைக் குறைக்க முடியும் என்று தலைமை ஆய்வாளருக்குத் தோன்றினால், செய்ய வேண்டியதைக் குறிப்பிட்டு, இன்ன தேதிக்குள் முடிக்கும்படி எழுத்தில் உத்தரவிடலாம்.”

யாரும் மயங்கி விழ வேண்டியதில்லை. ஆய்வாளருக்குத் தோன்றினாலே போதும். பெயர் இருக்கிறது, வேலை இருக்கிறது, தேதி இருக்கிறது. இவ்வளவு கூர்மையான வாக்கியம் கடைசியில் ‘லாம்’ என்று முடிகிறது. பிரிவின் முதல் பாதி முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. பிற்பாதி அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. அமலாக்கம் தளர்ந்தது அந்த இடைவெளியில்தான் என்பேன்.

பிரிவு சொல்லாமல் விட்டதும் உண்டு. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வெப்பத்தால் இறக்கும் தொழிலாளரில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் நாளிலேயே இறக்கிறார்கள் என்கிறது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை. சூட்டில் வேலை செய்யும் வழக்கமான நேரத்தில் புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டு என்பது அந்நாட்டு நிபுணர்களின் கணக்கு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கி மறுநாளே ஷிப்டுக்குப் போகிறவருக்கு 13ஆம் பிரிவில் ஒரு வரியும் இல்லை. அறிவிக்க வேண்டிய நோய்கள் என்று மூன்றாம் அட்டவணை 29 நோய்களை அடுக்குகிறது. வெப்பவாதம் அதில் கிடையாது.

இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் இருப்பது, நான்கு தொகுப்புகளில் ஒன்றான 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. அதன் 23ஆம் பிரிவில் ‘காற்றோட்டம், வெப்பநிலை, ஈரப்பதம்’ என்ற மூன்று சொற்கள் விதி வகுக்க வேண்டிய விஷயங்களின் பட்டியலில் நிற்கின்றன. பிரிப்பது, காப்பிடுவது எல்லாம் சட்டத்திலிருந்து இறங்கி விதிகளின் தயவுக்குப் போய்விட்டன. பொதுவான மீறலுக்கான தண்டத்தொகை முன்பு அதிகபட்சம் ஒரு லட்சம். இப்போது இரண்டிலிருந்து மூன்று லட்சம். ஆனால் இரண்டாண்டு வரையிலான சிறை என்ற அச்சம் அந்த இடத்தில் இல்லை. ஆய்வாளர் பெயருக்குப் பின்னால் ‘வசதியாளர்’ என்ற ஒட்டும் சேர்ந்திருக்கிறது. யாருக்கு வசதி என்று விதிகள்தான் சொல்ல வேண்டும்.

தொகுப்பின் 14ஆம் பிரிவு, வேலையிடத்தின் பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. பழைய சட்டத்தில் இது 111ஏ. பவுண்டரியில் வேலை பார்ப்பவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இதைச் சொல்லுங்கள்: உலையருகே இந்த மாதம் எடுத்த ஈரக்குமிழ், கறுப்புக் கோள அளவுகளை எழுத்தில் கேட்கட்டும். அளக்கவே இல்லை என்று பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.