கைபேசிப் புதிரும் கூடத்து டிவியும்

திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு தொம்மலூரில் பேச்சுத்துணை இல்லை. கன்னடம் வராது. நானும் தங்கமணியும் ஆபீஸ், வாண்டு ஸ்கூல். மதியமெல்லாம் அம்மாவுக்குத் துணை கைபேசியில் இருக்கும் 'மான்யுமென்ட் வேலி'தான். அதையே கூடத்து டிவிக்கும் வாங்கலாமா என்று ஒரு வாரமாக மண்டைக் குடைச்சல். (பிளேஸ்டேஷன் ஏற்கெனவே தூசி படிந்து கிடக்கிறது. வாங்கினவன் நான்தான், தங்கமணி மறக்கவே மாட்டார்.)

கைபேசிப் புதிர் பெரிய திரைக்குச் சரிப்படுமா? கொஞ்சம் பழங்கதை பார்ப்போம்.

1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை ஒரு கணினியில் எழுதினார். 1989-ல் அது நின்டெண்டோவின் கேம்பாய் வழியாகச் சட்டைப்பைக்குள் வந்தது. பொத்தானை அமுக்கி ஆடுகிற ஆட்டம், அதனால் போன இடமெல்லாம் பிழைத்துக்கொண்டது.

தொடுதிரை வந்ததும் கதை மாறியது. 2009 டிசம்பரில் பின்லாந்தின் ரோவியோ 'ஆங்ரி பேர்ட்ஸ்' ஆட்டத்தை ஐபோனில் விட்டது. கவட்டையை விரலால் இழுத்து விடுகிற சுகம், மாங்காய் அடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! 2012-ல் மூன்று ஆட்டங்களைக் கட்டி பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஃபோனில் ஒரு டாலருக்குள் கிடைத்தது, இங்கே அதைப்போல பல மடங்கு. காசை விடுங்கள், கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளினால் ரப்பர் இழுக்கிற உணர்வு வருமா? எனக்கு வரவில்லை.

மான்யுமென்ட் வேலி 2014-ல் லண்டனின் அஸ்டூ நிறுவனம் செய்தது. எஷரின் ஓவியங்களைப் போல, இருக்கவே முடியாத கட்டடங்கள். தள்ளித் தள்ளி இருக்கிற இரண்டு பாதைகள் ஒரு கோணத்தில் ஒட்டினாற்போல் தெரிந்தால், நிஜமாகவே ஒட்டிவிடும். விரலால் திருப்புகிறோம், ஆனால் வித்தை கண்ணில் இருக்கிறது. ஒரே இடைஞ்சல், நெட்டுக்குத்தாகப் பிடிக்கிற ஃபோனுக்கு வரைந்தது. 2022-ல் கணினிக்கு வந்தபோது காட்சிகளை அகலமாக்கினார்கள். 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது.

வாங்கிவிட்டேன்.

குச்சி நத்தை மாதிரி நகர்கிறது, விரலின் வேகம் இல்லை. அம்மா கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. வாண்டு பிடித்துக்கொள்ள, அம்மா சோபாவிலிருந்து, "ஏட்டி, அந்தச் சக்கரத்தத் திருப்பு!" ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் திருப்பித்தர வந்த கீழ்வீட்டு ஆன்ட்டி, நின்றபடியே கன்னடத்தில் ஏதோ சொல்லித் திரையின் மேல்மூலையைக் காட்டினார்.

"அதத்தான நானும் சொல்லுதேன்" என்று அம்மா நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.