பறவைக்கு யார் சாட்சி?



வரலாறு என்றதும் அரசர், போர், கல்வெட்டு, செப்பேடு என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு நாட்டின் பறவைப் பட்டியலும் வரலாற்று ஆவணமே என்று சொன்னால் சிலர் புன்னகை செய்யக்கூடும். இன்ன பறவை இன்ன நாளில் இன்ன இடத்தில் இருந்தது என்று அப்பட்டியல் கூறுகின்றது. அதைக் கண்டவர் யார்? கண்டது உண்மைதானா? கல்வெட்டுக்காவது கல் எஞ்சி நிற்கின்றது. பறந்துபோன பறவைக்கோ பெரும்பாலும் கண்டவரின் வாய்மொழியே எஞ்சுகின்றது.

சைவசித்தாந்த அளவையியல் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் முதன்மையான அளவைகளாகக் கொள்ளும். காண்டலிலும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னும் குற்றங்கள் உண்டு என எச்சரிக்கும். வகுப்பிலே இதனைக் கற்பிக்கையில் கயிறு பாம்பாய்த் தோன்றும் பழைய உவமையையே நானும் சொல்வதுண்டு. ஆனால், இம்மூன்று அளவைகளும் நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிய, பறவையியலின் வரலாறு நல்லதோர் இடமாகும்.

பிரித்தானியாவில் 1959ஆம் ஆண்டு முதல் அரும்பறவைக் குழு ஒன்று இயங்கி வருகின்றது. அரிய பறவையொன்றைக் கண்டதாகக் கூறுபவர் தாம் கண்டதை எழுதி அனுப்ப வேண்டும். எவ்வளவு தூரத்தில் கண்டார்? வெளிச்சம் எப்படி இருந்தது? எவ்வளவு நேரம் பார்த்தார்? குறிப்பை அவ்விடத்திலேயே எழுதினாரா, வீடு திரும்பி நூலைப் பார்த்த பின் எழுதினாரா? அதனை ஒத்த சாதாரணப் பறவை அல்லவென்று எதனால் தெளிந்தார்? கூண்டிலிருந்து தப்பிய பறவையாக இருத்தல் கூடுமா? குழுவினர் இவற்றையெல்லாம் ஆராய்ந்தே வாக்களிப்பர். ஒரு பதிவு ஏற்கப்படாவிட்டால், கண்டவர் பொய்யர் என்பது அதன் பொருளன்று. சான்று போதவில்லை என்பதே பொருள். இந்த வேறுபாட்டை உணராத இடத்தில் ஆராய்ச்சி பகையாக மாறிவிடும்.

இத்தகைய கண்டிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு ஹேஸ்ரிங்ஸ் என்னும் கடற்கரை நகரின் கதை விடை தருகின்றது. தென் இங்கிலாந்திலுள்ள அந்நகரைச் சூழ்ந்த பகுதியில், 1892 முதல் 1930 வரை, பிரித்தானியா அதுவரை அறியாத பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றுட் பல, துப்பாக்கி வேலையும் பறவைகளைப் பாடம் செய்யும் தொழிலும் செய்துவந்த ஜோர்ஜ் பிரிஸ்ரோ என்பவரின் கடை வழியாகவே வந்தன. பிரித்தானிய மண்ணிலே சுடப்பட்ட அரும்பறவைக்குச் சேகரிப்பாளர் பெரும் விலை கொடுத்தனர். அதே பறவை வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அதற்கு அந்த மதிப்பில்லை. அன்றே சிலருக்கு ஐயம் எழுந்தது. பிரிஸ்ரோ 1916இல் அதனை மறுத்து எழுதினார். 1947இல் அவர் காலமானார்.

1962 ஓகஸ்ட் மாதத்தில் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' சஞ்சிகை இவ்விடயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. மக்ஸ் நிக்கல்சனும் ஜேம்ஸ் பேர்கசன்-லீசும் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். ஜோன் நெல்டர் என்னும் புள்ளிவிபரவியலாளர் ஹேஸ்ரிங்ஸ் பதிவுகளை அயற்பிரதேசங்களின் பதிவுகளோடும், பின்வந்த காலத்தின் பதிவுகளோடும் ஒப்பிட்டார். பிற்காலத்தில் பறவை நோக்குவோர் பெருகினர். ஆயினும் அவ்வளவு அரும்பறவைகள் அங்கு மீண்டும் தோன்றவில்லை. விளைவு, 29 இனங்களும் உபஇனங்களும் பிரித்தானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒருவரும் நேரில் பிடிபடவில்லை. கருதல் அளவை ஒன்றே தீர்ப்பளித்தது. பிரிஸ்ரோவுக்காக வாதாடிய நூலொன்றும் 1968இல் வெளிவந்தது. நீக்கப்பட்ட பறவைகளுட் பெரும்பாலானவை பிற்காலத்தில் நம்பத்தக்க சான்றோடு கண்டறியப்பட்டு மீண்டும் பட்டியலேறின. பழைய பதிவுகள் அதனால் மெய்யாகிவிடவில்லை.

அடுத்தது உரை அளவை. பெரியோர் சொன்னால் ஏற்கலாம் என்பது உண்மையே. எந்தப் பெரியோர் என்பதே வினா. கேணல் ரிச்சட் மைனேட்சாகன் போர்வீரர், வேவுத்துறை அதிகாரி, பறவையியலில் பெரும் புகழ் பெற்றவர். அவர் சேர்த்த பறவைகள் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்றன. அவற்றுள் ஒன்று, இந்தியாவுக்கே உரிய சிறிய வன ஆந்தை. 1873இல் ஹியூம் உலகுக்கு அறிவித்த அப்பறவையின் மாதிரிகள் உலக நூதனசாலைகளில் ஏழே ஏழுதான் இருந்தன. ஆறு மாதிரிகள் 1884க்குள் கிடைத்தவை. ஏழாவதைத் தாமே 1914இல் குஜராத்திலுள்ள மாண்ட்வியில் சுட்டதாக மைனேட்சாகன் எழுதி வைத்திருந்தார்.

கேணலின் சொல்லை ஐயுறுவார் யார்? அந்த ஆந்தையைத் தேடியவர்களை அச்சொல்லே வழிநடத்தியது. சலீம் அலி, ரிப்ளி போன்ற பேரறிஞரின் தேடலும் பயன் தரவில்லை. பறவை அழிந்தே போயிற்று எனப் பலரும் எண்ணினர்.

அமெரிக்கப் பறவையியலாளர் பமெலா ராஸ்முசன் அந்த ஏழாவது மாதிரியை எக்ஸ் கதிர் கொண்டும் பிற முறைகளாலும் ஆராய்ந்தார். பஞ்சு அடைத்த விதமும் தைத்த விதமும் ஒருவருடைய கையெழுத்தைப் போன்றவை. உள்ளே தெரிந்தது மைனேட்சாகனின் கையன்று; 1880களில் இந்தியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் டேவிட்சன் என்பவரின் கை. நூதனசாலையிலிருந்து களவாடிய மாதிரியைப் பிரித்து மீண்டும் அடைத்து, புதிய சீட்டுக் கட்டியிருக்கின்றார் கேணல். ஏட்டுச்சுவடியில் உண்மையான புலவரின் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிக்கொள்வதற்கு ஒப்பானது இச்செயல்.

ராஸ்முசனும் இரு தோழரும் 1914ஆம் ஆண்டுச் சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய மாதிரிகள் உண்மையாகக் கிடைத்த இடங்களுக்குச் சென்றனர். 1997 நவம்பர் 25ஆம் திகதி, மகாராஷ்டிரத்தில் ஷாஹாதாவுக்கு அண்மையில், இலையுதிர்ந்த மரமொன்றிலே அந்த ஆந்தை அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த மெய்க்காட்சி அது. பொய்யான ஒரு சீட்டு, உயிரோடு இருந்த ஒரு பறவையை இவ்வளவு காலம் மறைத்து வைத்தது. காட்டின் பரப்போ நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. டேவிட்சனுக்குரிய பெருமையும் அவர் இறந்து பல்லாண்டுகளின் பின்னரே அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1995இல் கித்துல்கலவில் மழைக்காட்டு இரவொன்றிலே தீபால் வாரகாகொட இதுவரை கேளாத ஆந்தைக் குரல் ஒன்றைக் கேட்டார். பறவைக் குரல்களிலே தேர்ந்தவர் அவர். ஆயினும் புதிய இனம் என்று உடனே அறிவித்துவிடவில்லை. குரலைத் தொடர்ந்து சென்றார். 2001 ஜனவரி 23ஆம் திகதி சிங்கராஜ வனத்திலே அதனைக் கண்ணாரக் கண்டார். பின் பிற ஆந்தையினங்களோடு ஒப்பிட்டு, 2004இல், மேற்சொன்ன ராஸ்முசனுடன் சேர்ந்து அதனைப் புதிய இனமாக அறிவித்தார். இயற்கைப் பாதுகாவலர் திலோ ஹொப்மனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1868க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதலாவது புதிய பறவையினம் அது.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் மூத்தோர். அவ்வாந்தையின் குரல் காதில் விழுந்தது. உருவம் கண்ணில் பட்டது. இரண்டும் விசாரணையில் நின்று பிடித்தன. ஒன்பது ஆண்டுகள் சென்றன. அந்த ஒன்பது ஆண்டுகளும் வீண்போனவை என்று எவர் சொல்வார்?

கேணலின் சொல்லானாலும் ஒரு பாடசாலை மாணவனின் சொல்லானாலும், சான்றின் தராசு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். பெயருக்காக ஏற்பதும் தவறு. பெயரில்லாதவர் என்பதற்காக மறுப்பதும் தவறு. அரிய பறவையொன்றைக் காணும் மாணவன் உடனே குறிப்பெழுதப் பழகட்டும். கண்டதை மாத்திரம் எழுதட்டும். காணாததைக் காணாதது என்றே எழுதட்டும். பறவை பறந்துவிடும். அந்தக் குறிப்பு நின்று சாட்சி சொல்லும்.