டயருக்கு நைட்ரஜன் அடிப்பது நல்லதா? காசு கொடுப்பது வேஸ்ட்டா?

பங்க்கில் காற்று அடிக்கப் போனால், "நார்மல் காத்தா, நைட்ரஜனா சார்?" என்ற கேள்வி இப்போது சகஜம். நார்மல் காற்று பெரும்பாலும் இலவசம், நைட்ரஜனுக்குக் காசு. "மைலேஜ் ஏறும், வெயில்ல டயர் வெடிக்காது" என்று சொன்னதும் நம்மில் பலர் தலையாட்டி விடுகிறோம். அதில் எவ்வளவு உண்மை? பார்க்கலாம்.

நைட்ரஜன் என்பது என்ன?

அது புதுசு ஒன்றும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி மற்ற வாயுக்கள். பங்க்கில் உள்ள மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஈரப்பதத்தையும் பெருமளவு பிரித்துவிட்டு, நைட்ரஜனை மட்டும் டயருக்கு அனுப்புகிறது.

உண்மையான நன்மைகள்

* காற்று மெதுவாக இறங்கும்: ரப்பர் வழியாக ஆக்சிஜன் வேகமாகக் கசியும், நைட்ரஜன் மெதுவாகத்தான் கசியும். அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அமைப்பு 31 வகை டயர்களை ஓராண்டு வைத்துச் சோதித்தது. சாதாரண காற்று அடித்தவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன. நைட்ரஜன் அடித்தவை 2.2 பிஎஸ்ஐ இழந்தன. ஒரு வருஷத்துக்கு வித்தியாசம் வெறும் 1.3 பிஎஸ்ஐ!

* ஈரம் குறைவு: கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் கலந்து வரலாம். நைட்ரஜனில் அந்தப் பிரச்சினை குறைவு என்பதால், இரும்பு ரிம் உள்பக்கம் துருப்பிடிப்பதும் குறையும்.

அப்போ விமானத்தில் ஏன்?

"ஃபிளைட் டயருக்கே நைட்ரஜன்தான்" என்பார்கள். உண்மைதான். ஆனால் காரணம் வேறு. 1986 மார்ச் 31-ல் மெக்சிகோவில் ஒரு போயிங் 727 விமானம் விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த 167 பேரும் இறந்தனர். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானதில், சாதாரண காற்று அடைக்கப்பட்டிருந்த டயர் பறக்கும்போதே வெடித்தது விசாரணையில் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, பெரிய பயணிகள் விமான டயர்களில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என அமெரிக்கா உத்தரவிட்டது. அந்த அளவுக்குச் சூடு, நம்ம கார், பைக் ஓட்டத்தில் டயருக்கு உள்ளே வருவதில்லை.

வெயிலில் வெடிக்காது என்பது சரியா?

இங்கேதான் கவனம் தேவை. சூடானால் எந்த வாயுவும் விரியும், நைட்ரஜனும் அப்படித்தான். கார் டயரில் 10 டிகிரி வெப்பம் கூடினால், எதை அடித்திருந்தாலும் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும்.

நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க முக்கியக் காரணங்களில் ஒன்று காற்று குறைவாக இருப்பது. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுப் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். கூடவே அதிக லோடு, அதிக வேகம், பட்டன் தேய்ந்த பழைய டயர் என்றால் ஆபத்துதான். "நைட்ரஜன் அடிச்சாச்சு, இனி பார்க்க வேண்டாம்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது, சாதாரண காற்று அடித்து ஒழுங்காகச் செக் பண்ணுவதைவிட மோசம்.

மைலேஜும் அதே கதைதான். சரியான அளவு காற்று இருந்தால் மைலேஜ் கிடைக்கும். அது எந்த வாயு என்பதைப் பொறுத்து மாறாது.

இன்னொரு விஷயம்

ஏற்கெனவே 25 பிஎஸ்ஐ சாதாரண காற்று உள்ள டயரில், மேலே 8 பிஎஸ்ஐ நைட்ரஜன் அடித்தால் என்ன ஆகும்? உள்ளே ஆக்சிஜன் 21-லிருந்து சுமார் 17 சதவீதமாகத்தான் குறையும். அதாவது கொடுத்த காசுக்குப் பெரிய பலன் இல்லை. பழைய காற்றை முழுசாக இறக்கிவிட்டு நிரப்பினால்தான் அர்த்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* மாதம் ஒருமுறையாவது, நீண்ட பயணத்துக்கு முன்பும் பிரஷர் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.
* வண்டி ஓடிச் சூடாகும் முன், டயர் குளிர்ச்சியாக இருக்கும்போது பாருங்கள்.
* சரியான அளவு, டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பைக்குக்கு மேனுவலைப் பாருங்கள். டயர் மேல் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை அடிக்கக் கூடாது.
* நைட்ரஜன் டயரில் காற்று இறங்கி, பக்கத்தில் நைட்ரஜன் இல்லையா? தாராளமாகச் சாதாரண காற்று அடிக்கலாம். கலந்தால் ஒன்றும் ஆகாது. குறைந்த காற்றோடு ஓட்டுவதுதான் தப்பு.

முடிவாக, இலவசமாகவோ குறைந்த காசுக்கோ கிடைத்தால் நைட்ரஜன் அடிக்கலாம், கெடுதல் இல்லை. வண்டியை வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தி வைப்பவர்களுக்குக் கொஞ்சம் உதவும். அதற்காக அலைந்து திரிந்து செலவு செய்யத் தேவையில்லை. உங்கள் உயிரைக் காப்பது, மாசம் ஒரு தடவை பிரஷர் பார்க்க நீங்கள் ஒதுக்கும் அந்த ஐந்து நிமிஷம்தான்.