நாலந்தா வழி வந்த கங்காணி

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே இருக்கிற நாலந்தாவைப் பலரும் கெடிகே என்னும் கற்கோயிலுக்காகவே அறிவார்கள். பல்லவர் சாயலும் பௌத்தமும் கலந்த அந்தக் கோயிலை, போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகப் பெயர்த்தெடுத்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். மலையக மக்களின் வரலாற்றிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அந்தக் கூட்டங்களை நடத்தி வந்தவர் கங்காணி. மேற்பார்வை என்கிற வேலை இம்மக்களிடம் இந்தப் பாதையில்தான் வந்தது. ஆட்களை நடத்தும் வேலையாக மட்டுமே வந்தது. இயந்திரத்தை மேற்பார்க்கும் வேலை அவர்கள் கைக்கு வரவில்லை. தோட்டத்துப் பிள்ளை மெக்கானிக்காக நுழைந்து மெக்கானிக்காகவே ஓய்வு பெறுவதன் வேரை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

கங்காணியின் செல்வாக்கு கடனிலும் ஆள்கணக்கிலும் நின்றது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குப் பென்ஸ் காசு. கடன் எழுதிய துண்டோடு ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றும் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டதும் அந்தச் செல்வாக்கு சரியத் தொடங்கியது. இயந்திரத்தின் கதை வேறு. கோப்பிக்கு, பழத்தோலை உரிக்கும் பல்பர் பெரும்பாலும் போதுமாக இருந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலையைக் கொண்டுவந்தது. தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் தம் பங்களா விறாந்தையில் கையால் உருட்ட வைத்த கொழுந்தைப் பிறகு ஜாக்சனின் ரோலர்கள் உருட்டின; பெல்பாஸ்ட்டிலிருந்து டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகள் வந்தன. மக்கள் மட்டும் தேயிலைத் தொழிற்சாலையைக் கோப்பிக் காலப் பெயரால் 'இஸ்டோர்' என்றே அழைத்தார்கள். அந்த இஸ்டோருக்குள் ஒரு தண்டில் பல பெல்ட்டுகள் ஓடும். பேரிங் சூடேறுகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பதும், பெல்ட் வழுக்கும் சத்தத்தைக் காதால் பிடிப்பதும், ஏறத்தாழ 3 சதவீத ஈரத்தில் தூளை வெளியே எடுப்பதும் பல வருடப் பழக்கத்தில் வருகிற அறிவு. அது தொழிலாளியிடமும் இருந்தது. ஆனால் இஸ்டோர் வேலையை மேற்பார்க்கும் டீமேக்கர் பதவி ஆங்கிலப் படிப்பைக் கேட்டது.

இஸ்டோரில் மேற்பார்வைப் பதவிகளே இரண்டு மூன்றுதான், அவை கிடைத்திருந்தாலும் எத்தனை குடும்பம் உயர்ந்திருக்கும் என்று கேட்கலாம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கங்காணியின் அதிகாரம் தோட்ட எல்லையோடு முடிந்துவிடும். பேரிங்கை அறிந்த கை அரிசி ஆலைக்கும் போகும், கராஜுக்கும் போகும், உக்குவளை மின்நிலையத்துக்கும் போகும். டீமேக்கரான தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்களே என்பது இன்னொரு மறுப்பு. இருந்தார்கள், விதிவிலக்காக. 1948இன் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். இரண்டும் சேர்ந்து அடைத்த வழியைத் தனிமனிதத் திறமை எவ்வளவு தூரம் திறந்துவிடும்?

இப்போது அந்த வழியில் ஒரு கதவு இருக்கிறது. தேசிய தொழிற்தகைமையில் 4ஆம் மட்டம் வரை கைவினைஞருக்கான சான்றிதழ். 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. மேற்பார்வை வேலைக்கு வாசல் 5இல்தான் திறக்கிறது. பதினைந்து வருடம் ரோலரோடு நின்றவர் முன்கற்றல் அங்கீகாரத்தின் மூலம், முழுநேர வகுப்பில் உட்காராமலே தம் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெற முடியும். அனுபவம் அவரிடம் இருக்கிறது. அதை எழுத்தில் நிரூபிக்கும் படிவமும் கடிதமும்தான் அவருக்கு மலையாக நிற்கின்றன. சங்கங்களில் இருப்பவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் தோட்டத்து இஸ்டோரில் வேலை செய்யும் ஒருவருக்காவது இந்த வருடம் அந்தப் படிவத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.