தேர்ட் லனாக்: புள்ளிப் பட்டியலில் தோற்காமலே அழிந்த ஒரு கழகம்

உதைபந்தாட்ட வரலாறு என்றால் நாம் பெரும்பாலும் கிண்ணங்களையும் கோல்களையும் பற்றித்தான் பேசுவோம். இன்று ஒரு கழகத்தின் கடைசிப் போட்டியைப் பற்றிப் பேசுவோம். கொஞ்சம் நீளமான பதிவு. விளையாட்டுக் கழகங்களில் பொறுப்பில் இருக்கும் தம்பிமார் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

1967 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை. ஸ்கொட்லாந்து லீக்கின் இரண்டாம் பிரிவு. டம்பார்ட்டன் நகரின் பொக்ஹெட் மைதானத்தில் டம்பார்ட்டன் கழகமும் கிளாஸ்கோ நகரின் தேர்ட் லனாக் கழகமும் மோதின. முடிவு 5-1, டம்பார்ட்டனுக்கு வெற்றி. தேர்ட் லனாக்கின் ஒரே கோலை ட்ரூ பஸ்பி என்ற இளைஞர் அடித்தார். பிற்காலத்தில் ஹார்ட்ஸ் போன்ற பெரிய கழகங்களில் விளையாடிப் பெயர் பெற்றவர் அவர்.

அந்தக் கோலுக்குப் பின் தேர்ட் லனாக் ஒரு கோலும் அடிக்கவில்லை. அந்தப் போட்டிக்குப் பின் லீக்கில் விளையாடவும் இல்லை. சில மாதங்களுக்குள் நீதிமன்றத்தின் மூலம் கழகம் கலைக்கப்பட்டது.

இது ஏதோ நேற்று முளைத்த கழகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1872 நவம்பரில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் உலகின் முதலாவது சர்வதேச உதைபந்தாட்டப் போட்டியை கிளாஸ்கோவில் விளையாடின. ஒரு கோல்கூட விழவில்லை. ஆனால் அந்தப் போட்டி மூட்டிய ஆர்வத்தில், அடுத்த மாதமே லனாக்ஷயரின் மூன்றாவது துப்பாக்கித் தொண்டர் படையினர் கூடித் தமக்கென ஒரு கழகத்தை அமைத்தார்கள். ‘தேர்ட்’ என்ற சொல் அந்தப் படையின் இலக்கத்திலிருந்து வந்தது. அவர்களின் சிவப்புச் சட்டையும் படையின் சீருடையை நினைவுபடுத்தியது.

1889இல் செல்டிக்கை வென்று ஸ்கொட்டிஷ் கிண்ணம். 1890இல் ஸ்கொட்லாந்து லீக் தொடங்கியபோது அதன் ஸ்தாபகக் கழகங்களில் ஒன்று. 1904இல் லீக் சம்பியன். 1905இல் ரேஞ்சர்ஸை வென்று மறுபடியும் ஸ்கொட்டிஷ் கிண்ணம். அன்றைய ஸ்கொட்லாந்தில் இதற்கு மேல் வெல்ல அதிகம் ஒன்றும் இருக்கவில்லை.

பொக்ஹெட்டில் எதிரே நின்ற டம்பார்ட்டனும் இலேசான பெயரல்ல. லீக்கின் முதல் பருவத்தில் ரேஞ்சர்ஸுடன் பட்டத்தைப் பகிர்ந்து, அடுத்த பருவத்தில் தனியாகவே வென்ற கழகம் அது. ஒரு காலத்தில் நாட்டின் உச்சியில் இருந்த இரண்டு கழகங்கள், 1967இல் இரண்டாம் பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு போட்டியில் சந்தித்தன. டம்பார்ட்டன் இன்றும் விளையாடுகிறது. தேர்ட் லனாக் அன்றோடு முடிந்தது. ஏன்?

பழங்காலப் பெருமை மட்டும் உள்ள, வயது போய்த் தளர்ந்த கழகம் என்று விடை சொல்ல முடியாது. 1959இல் லீக் கிண்ண இறுதிப்போட்டிக்கு வந்து ஹார்ட்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றது. 1960-61 பருவத்தில் முதலாம் பிரிவில் 34 போட்டிகளில் 100 கோல்கள் அடித்து மூன்றாம் இடம் பிடித்தது. ஆறு வருடங்களில் அந்தக் கழகமே இல்லாமற் போனது.

இடையில் நடந்தது என்ன? தேர்ட் லனாக் பெயரளவில் மக்களின் கழகம். சட்டப்படி அது பங்குகள் கொண்ட ஒரு கம்பனி. யாரிடம் பங்கு அதிகமோ அவர் சொல்வதே தீர்மானம். மழையில் நின்று ‘ஹை ஹை’ என்று கோஷமிட்ட ரசிகருக்கு அங்கே வாக்கு இல்லை. 1960களின் தொடக்கத்தில் நிர்வாகத்துக்குள் இழுபறி ஏற்பட்டு, பில் ஹிடல்ஸ்டன் என்ற வர்த்தகர் கழகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 100 கோல் அடித்த அணி துண்டு துண்டாகக் கலைந்தது. திறமையான வீரர்கள் விற்கப்பட்டார்கள். 1964-65 பருவத்தில் 34 போட்டிகளில் வெறும் 7 புள்ளிகள் பெற்று, கடைசி இடத்துடன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

அந்தக் கடைசி வருடங்களைப் பற்றிப் பின்னர் சொல்லப்பட்ட கதைகள் மனதை வருத்துபவை. வீரர்களின் சம்பளம் நுழைவாயிலில் சேர்ந்த சில்லறைக் காசாகவே கொடுக்கப்பட்டதாம். குளிக்கச் சுடுநீர் இல்லையாம். வரும் அணிகள் சவர்க்காரத்தையும் தாங்களே கொண்டுவர வேண்டியிருந்ததாம். மைதானத்தை வீடு கட்டுவோருக்கு விற்றுவிட்டுக் கழகத்தை வேறு இடத்துக்கு நகர்த்தப் போகிறார்கள் என்ற பேச்சும் பரவியது.

ரசிகர்கள் சத்தம் போடவில்லை, வராமல் விட்டார்கள். பொக்ஹெட் போட்டிக்கு மூன்று நாள் முன்னர், ஏப்ரல் 25ஆம் திகதி, சொந்த மைதானமான கத்கின் பார்க்கில் குயின் ஒஃப் த சவுத் அணியுடன் 3-3 என்று சமநிலை. வந்திருந்தவர்கள் 325 பேர். பல்லாயிரம் பேர் நிற்பதற்கென அமைத்த படிகளில் 325 பேர்!

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் தேர்ட் லனாக் கடைசி இடத்தில் இல்லை, பட்டியலின் நடுப்பகுதியில்தான் முடித்தது. கீழே இறங்குவதற்கு வேறு பிரிவும் இல்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு எந்த ஆபத்தும் தெரிந்திருக்காது. நோய் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் ரசிகரின் கையில் இல்லை.

அது ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டத்தின் பொற்காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் 15இல் ஸ்கொட்லாந்து அணி உலக சம்பியன் இங்கிலாந்தை வெம்பிளியிலேயே 3-2 என்று வென்றது. மே 25இல் செல்டிக் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கிண்ணத்தைப் பிரித்தானியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தது. அந்த அணியின் பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். மே 31இல் ரேஞ்சர்ஸ் இன்னொரு ஐரோப்பிய இறுதிப்போட்டியில் பயேர்ன் மியூனிக்குடன் மேலதிக நேரம்வரை போராடித் தோற்றது. கிளாஸ்கோ நகரமே விழாக்கோலத்தில் இருந்தது. அதே நகரத்தில், பொக்ஹெட் போட்டிக்கும் லிஸ்பன் போட்டிக்கும் இடைப்பட்ட அந்த 27 நாட்களில், ஒரு பழம்பெரும் கழகம் மூச்சை இழந்துகொண்டிருந்தது.

கழகம் கலைந்த பின்னர் அரசாங்கத்தின் வர்த்தகத் திணைக்களம் விசாரணை நடத்தியது. அதன் அறிக்கை நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. கம்பனிச் சட்டத்தை மீறியதற்காகப் பணிப்பாளர்கள் சிலருக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. ஆனால் ஹிடல்ஸ்டன் 1967 முடிவதற்குள்ளேயே இறந்துவிட்டார். விசாரணையில் உண்மை வெளிவந்தது, கழகம் திரும்பி வரவில்லை. 20 அணிகள் இருந்த இரண்டாம் பிரிவு அடுத்த பருவத்தில் 19 அணிகளுடன் நடந்தது.

ஒன்று மட்டும் தப்பியது: மைதானம். கத்கின் பார்க் சாதாரண இடமல்ல. 1884 முதல் 1903 வரை அதுதான் குயின்ஸ் பார்க் கழகத்தின் ஹெம்ப்டன் மைதானம். இன்றைய பெரிய ஹெம்ப்டனுக்கு அவர்கள் நகர்ந்த பின்னரே தேர்ட் லனாக்கின் கைக்கு வந்தது. அங்கே வீடுகள் எழவில்லை. நகரசபையின் பொறுப்பில் அது பொதுப் பூங்காவானது. இன்றும் மூன்று பக்கமும் பழைய படிகளைக் காணலாம். கூட்டம் சாய்ந்து நின்ற இரும்புத் தடுப்புகள் அப்படியே இருக்கின்றன. படிகளுக்கிடையே மரங்கள் வளர்ந்து நிழல் தருகின்றன. நடுவில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். தேர்ட் லனாக் என்ற பெயரைப் பின்னர் சிலர் மீண்டும் எடுத்து, தொழில்முறை அல்லாத ஓர் அணியையும் நடத்துகிறார்கள்.

ஒரு கழகத்தின் இரண்டு சொத்துகளில் ஒன்று தனியார் பங்குகளாக இருந்தது, அது போய்விட்டது. மற்றது பொதுமக்களின் நிலமாக மாறியது, அது மிஞ்சியது. இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் இதுதான் என்று நினைக்கிறோம்.

பணக்காரர் ஒருவர் பொறுப்பெடுப்பதில் தவறில்லை. பல கழகங்கள் அப்படிப்பட்டவர்களின் தயவில்தான் வாழ்கின்றன. ஆனால் கணக்கு எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படாத இடத்தில், நல்லவரின் நிர்வாகமும் கெட்டவரின் நிர்வாகமும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் தெரியவரும்போது 325 பேர்தான் மிச்சமிருப்பார்கள்.

ஆகவே தம்பிமாரே, நீங்கள் இருக்கும் கழகம் பற்றி மூன்று கேள்விகள். கடைசியாகப் பொதுக்கூட்டம் கூடியது எப்போது? கணக்கறிக்கை உறுப்பினர் முன்னிலையில் வாசிக்கப்பட்டதா? மைதானத்தின் உறுதியும் ஆவணங்களும் யார் பெயரில், யார் வீட்டில் இருக்கின்றன? மூன்றுக்கும் உடனே விடை சொல்ல முடிந்தால் மகிழ்ச்சி. முடியாவிட்டால் அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். தேர்ட் லனாக்கில் அந்தக் கேள்விகளை அரசாங்கம் கேட்டது, கழகம் முடிந்த பிறகு.