அமெரிக்க அதிபருக்கு ஏன் இரண்டே முறை?

மூன்றாவது முறையும் அதிபராவது பற்றித் தான் விளையாட்டுக்குப் பேசவில்லை என்று 2025 மார்ச்சில் என்பிசி பேட்டியில் டிரம்ப் சொன்னார். ‘அதெப்படி, ரெண்டு தடவைதானே?’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சரிதான். ஆனால் அந்த ‘இரண்டு’, அரசியலமைப்பை எழுதியவர்கள் போட்ட கணக்கு இல்லை.

1787-ல் அவர்கள் எழுதியது பதவிக்காலம் 4 ஆண்டு என்பது மட்டுமே. எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். (நம் குடியரசுத் தலைவருக்கும் இன்றுவரை அப்படித்தான், 57-வது பிரிவைப் பாருங்கள்.) மறுபடி ஜெயிக்க வாய்ப்பிருந்தால்தான் ஒழுங்காக வேலை பார்ப்பார் என்பது அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாதம்.

இரண்டு முறையோடு ஜார்ஜ் வாஷிங்டன் விலகியதைப் பெரிய கொள்கை முடிவாகச் சொல்வார்கள். அவர் களைத்துப்போயிருந்தார், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது என்பதே உண்மைக்கு நெருக்கம். அதைக் கொள்கையாக்கியவர் தாமஸ் ஜெஃபர்சன். வரம்பு இல்லாவிட்டால் இது ஆயுள் பதவியாகிவிடும் என்று 1807-ல் எழுதினார். பிறகு அது எழுதாத சட்டமானது. 1880-ல் கிராண்ட் மூன்றாவது முறைக்கு முயன்றார், கட்சியே சீட் தரவில்லை. 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டு தோற்றார்.

மரபை உடைத்தவர் இன்னொரு ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின். 1940-ல் ஐரோப்பாவில் போர், பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்திருந்தது. இந்த நேரத்தில் ஆளை மாற்ற வேண்டாம் என்று மக்கள் நினைத்தார்கள். 1944-லும் ஜெயித்து, நான்காவது முறை பதவியேற்ற மூன்றே மாதத்தில் இறந்தார்.

1946 தேர்தலில் நாடாளுமன்றத்தைக் குடியரசுக் கட்சி பிடித்தது. அடுத்த மார்ச்சிலேயே 22-வது திருத்தம் நிறைவேறியது. அக்கட்சியில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. ஜனநாயக அக்கறை எவ்வளவு, ரூஸ்வெல்ட் மீதான பழைய கோபம் எவ்வளவு? இரண்டும் கலந்ததுதான் என்பது என் கணிப்பு. மாநிலங்கள் ஒப்புதல் தந்து முடிக்க 1951 பிப்ரவரி ஆனது. வேடிக்கை என்னவென்றால், இந்த விதியில் முதலில் மாட்டியவர் அதே கட்சியின் ஐசனோவர்.

இப்போதைய விவாதம் ஒரே சொல்லில் நிற்கிறது. இரண்டு முறைக்கு மேல் ‘தேர்ந்தெடுக்கப்படக்’ கூடாது என்கிறது திருத்தம். பதவி வகிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படியானால் துணை அதிபராக வந்து, அதிபர் விலகியதும் மேலே ஏறலாமா? அதிபராகத் தகுதியற்றவர் துணை அதிபராகவும் முடியாது என்கிறது 12-வது திருத்தம். அந்தத் ‘தகுதி’யில் இதுவும் அடங்குமா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொன்னதில்லை.